கோட்டை காக்கவில்லை, குளம் காக்கிறது!

(மன்னார்ப் பகுதிக் கமக்காரரும் ஆசிரியர், உத்தியோகத்தர் முதலானோரும் கூடிய கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் ஆற்றிய உரை.)



"மன்னாரின் பாதுகாப்பு" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறீர்கள். பாதுகாப்பு என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் நாட்டில் எவர்க்கும் முதலில் நினைவுக்கு வருவன துப்பாக்கியும் முட்கம்பி வேலியும் சோதனைச் சாவடியுமே. நானோ துப்பாக்கி பிடித்தவன் அல்லன். அளவுச் சங்கிலி பிடித்தவன். ஆதலால் என் பேச்சு வேறு வழியிற் செல்லும். பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

மன்னார்த் தீவின் வாயிலிலே ஒரு கோட்டை நிற்கிறது. போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் அதனைக் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் பறித்தனர். பின்னர் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிய அந்த வலிய மதில், கட்டியவரையும் காக்கவில்லை, பறித்தவரையும் காக்கவில்லை. இன்று அது வெறும் சின்னம்.

அங்கிருந்து பெருநிலத்துக்குள் வந்தால் கட்டுக்கரைக் குளம் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னன் காலத்தில் எழுந்தது என்பது மரபு. அருவியாற்றைத் தேக்கம் என்னுமிடத்தில் கல்லணையால் மறித்து, வாய்க்கால் வெட்டி, நீரைக் கொண்டுவந்து நிரப்பிய குளம் அது. அதன் கட்டு வெறும் மண். பீரங்கி இல்லை, காவற்கோபுரம் இல்லை. எனினும் நானாட்டானிலும் முருங்கனிலும் உயிலங்குளத்திலும் அடம்பனிலும் இன்று அடுப்பு எரிகிறதென்றால் அந்த மண்கட்டு நிற்பதனாலேயே எரிகிறது.

கோட்டை காக்கவில்லை, குளம் காக்கிறது. ஆனால் குளமும் தானாக நின்றுவிடவில்லை. கவனிப்பாரற்றுப் பல நூற்றாண்டுகள் தூர்ந்து கிடந்த குளம் அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே திருத்தப்பட்ட பின்னரே மீண்டும் நீர் கொண்டது. கட்டுகின்ற கை பெரிதுதான்; அதனினும் பெரிது காக்கின்ற கை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே. எஞ்சியதெல்லாம் இதற்கு விளக்கம்.

ஒற்றை வழி

ஒரு நாட்டுக்கு உயிர்நாடி எவை? பாலம், பாதை, குளம், மின்சாரம், குடிநீர், வைத்தியசாலை, செய்தித் தொடர்பு என்பனவே. இவற்றுள் ஒன்று அறுந்தால் மற்றவையும் தளரும். மன்னார்த் தீவின் உயிர்நாடிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மதவாச்சியிலிருந்து வரும் ஏ-14 வீதியானாலும், பூநகரிப் பக்கமிருந்து கரையோரமாக வரும் ஏ-32 வீதியானாலும், தீவுக்குள் நுழைய ஒரே தாம்போதிதான் உண்டு. இரயில் பாதையும் அதே கடற்பரப்பைத்தான் தாண்டுகிறது. மின்சாரமும் பெருநிலத்தோடு தொடுத்த கம்பியிலேதான் தங்கியிருக்கிறது. பட்டினத்தின் குடிநீர்கூட முருங்கன் பக்கத்து நிலத்தடியிலிருந்து இறைத்துக் குழாய் வழியே கொண்டுவரப்படுவது.

ஒரு பசுவை ஒற்றைக் கயிற்றிற் கட்டினால் கயிறு அறுந்த அன்றே பசு போய்விடும். எமது தீவோ ஒற்றைக் கயிற்றின் முனையில் இருப்பது. இது கற்பனையன்று; நாம் பட்டறிந்தது. 1990இல் போரின்போது மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது. இரயில் பாதையும் அழிந்தது. புதிய பாலமும் தாம்போதியும் திறக்கப்பட்டது 2010இல். தலைமன்னார்த் துறைக்கு இரயில் திரும்பி வந்தது 2015 மார்ச்சில். ஒரு நாளில் அறுந்ததை முடிய இருபது ஆண்டும் இருபத்தைந்து ஆண்டும் சென்றன! அந்த ஆண்டுகளில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் தவித்த குடும்பங்கள் இக்கூட்டத்திலும் இருக்கக்கூடும். அவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே பொறியியலாளன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "இது உடையுமா?" என்பதன்று. மனிதன் கட்டியது எதுவும் ஒரு நாள் உடையும். "இது உடைந்தால் அடுத்த நாட் காலையில் மக்கள் என்ன செய்வர்?" என்பதே கேள்வி.

பாம்பன் சொல்லும் பாடம்

தலைமன்னாரில் நின்று மேற்கே நோக்குங்கள். இராமர் அணைத் திட்டுகளுக்கு அப்பால் தனுஷ்கோடி. அதற்கும் அப்பால் பாம்பன். 1914இல் அங்கே இரயில் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் நமது தலைமன்னார்ப் பாதையும் திறந்தது. கப்பல் இடையே ஓடியது. சென்னையில் ஏறியவன் கொழும்பில் இறங்கினான்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயல் வந்தது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் வண்டியைக் கடல் விழுங்கிற்று. அதில் இருந்த எவரும் பிழைக்கவில்லை. ஊரும் அழிந்தது, இந்நாள்வரை அது பழைய நிலைக்கு மீளவில்லை. பாம்பன் பாலத்தின் கண்கள் 145இல் 126 அடித்துச் செல்லப்பட்டன. அந்தப் பாலத்தை 46 நாட்களில் மீண்டும் நிறுத்தினார் ஈ. ஸ்ரீதரன் என்ற பொறியியலாளர். கடலில் விழுந்த இரும்பு உத்தரங்களையே தேடி எடுத்துப் பொருத்தினார். இந்த வேகத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். புகழவேண்டியதே. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அதைவிடச் சாதாரணமான ஒன்று.

அப்பாலத்தில் காற்றளக்கும் கருவி ஒன்று வைத்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீற்றரைத் தாண்டினால் வண்டி பாலத்தில் ஏறக்கூடாது என்று விதித்தார்கள். எவ்வளவு பெரிய மனிதர் வண்டியில் இருந்தாலும் ஏறக்கூடாது. பிற்காலத்தில் பாலத்தின் அதிர்வை உணரும் கருவிகளையும் பொருத்தினார்கள். 2022 டிசம்பரில் அக்கருவிகள் தூக்குப் பாலப் பகுதியில் ஏதோ கோளாறு என்று எச்சரித்தன. உடனே இரயில்கள் நிறுத்தப்பட்டன. 108 ஆண்டு உழைத்த பாலம் ஓர் உயிரையும் எடுக்காமல் ஓய்வு பெற்றது. 1964இல் இழந்ததையும் 2022இல் காத்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடையிலே வந்தது இரும்பின் வலிமை மட்டுமன்று. அளந்து பார்க்கும் பழக்கம், அளவு சொன்னதற்குக் கீழ்ப்படியும் ஒழுக்கம்.

அதன் பக்கத்திலே புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 72.5 மீற்றர் நீளமான பகுதி அப்படியே மேலெழுந்து கப்பலுக்கு வழிவிடும் அமைப்பு அது. திறப்பதற்கு முன்னர் அந்நாட்டு இரயில் பாதுகாப்பு ஆணையர் அதனைச் சோதித்தார். திட்டமிட்ட முறையிலே குறைகள் உண்டு என்று எழுத்தில் அறிக்கையிட்டார். வேகத்துக்கும் வரம்பு வைத்தார். அறிக்கை பத்திரிகைகளில் வெளிவந்தது. பெருந்தொகை செலவிட்டுக் கட்டிய பாலத்தை, கட்டியவருக்குத் தலைவணங்காத ஒருவர் சோதித்துக் குறை சொல்ல முடிந்தது. இதுவல்லவோ காவல்! நமது தாம்போதிக்கும் பாலங்களுக்கும் குளக்கட்டுகளுக்கும் அத்தகைய அறிக்கை ஒன்றை உங்களுள் எவரேனும் வாசித்ததுண்டா?

உப்பு என்னும் பகைவன்

நமது புதிய பாலம் 157 மீற்றர் நீளம். தாம்போதி ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். அதற்கு வெடிகுண்டைவிட அன்றாடப் பகைவன் ஒருவன் உண்டு. அவன் உப்பு.

கொங்கிறீற்றுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. சீமெந்தின் காரம் அக்கம்பிக்குச் சட்டை போட்டதுபோலக் காவல் செய்கிறது. கடற்காற்றில் வரும் உப்பு மெல்ல மெல்ல உள்ளே ஊறும். கம்பியைத் தொட்ட அன்றே சட்டை கிழியும். துருப் பிடிக்கத் தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு பருக்கும். பருத்தது உள்ளிருந்து நெருக்க, கொங்கிறீற்று வெடிக்கும். வெடிப்பு வழியே மேலும் உப்பு புகும். வெளியிலே மயிரிழை போன்ற கீறலும், அதன் ஓரத்திலே செந்நிறக் கறையும் தோன்றும்போதே உள்ளே நோய் முற்றத் தொடங்கியிருக்கும்.

இத்தாலி தேசத்தில் ஜெனோவா என்னும் கடற்கரைப் பட்டினத்தில் 2018 ஆகஸ்ட் 14ஆம் நாள் பெரும் பாலமொன்று இடிந்தது. 43 பேர் மாண்டனர். கொங்கிறீற்றுக்குள் மறைந்திருந்த எஃகு வடங்கள் அரிக்கப்பட்டிருந்தன. செல்வம் மிக்க நாடு, பேர்பெற்ற பொறியியலாளர் கட்டிய பாலம்; நோய் இருக்கிறது என்று முன்னரே கூறப்பட்டும் இருந்தது. கேட்டுச் செய்வார் இல்லாததால் வந்த வினை அது.

எனவே தாம்போதியில் நாள்தோறும் செல்லும் மீனவ அன்பர்களையும் பஸ் சாரதிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: செந்நிறக் கறையைக் கண்டால், கொங்கிறீற்றுத் துண்டு உதிர்ந்திருக்கக் கண்டால், தாம்போதியின் கற்கரையை அலை அரித்திருக்கக் கண்டால், இடத்தைக் குறித்து எழுத்தில் அறிவியுங்கள். உங்கள் கண்ணுக்கு ஈடான கருவி இல்லை.

கலங்கல் நீர்

இனிக் கமக்காரர்களுக்கு நெருக்கமான விடயத்துக்கு வருகிறேன். திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன்னர், ஊர் உறங்கும் வேளையில் அதன் கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆயிரம் ஆண்டு நின்ற கட்டு இனியும் நிற்கும் என்று எவரும் எண்ணக்கூடாது என்பதற்கு அதுவே சாட்சி.

மண்கட்டு உடைவதற்குப் பெருங்காரணம் இரண்டு. ஒன்று, வெள்ளம் கட்டின் முடிக்கு மேலாகப் பாய்வது. வான் வழியே போகவேண்டிய நீர் போக முடியாதபோது இது நிகழும். வானை அடைத்து மீன் பிடிப்பதும், வான் பாயும் நிலத்திலே வேலி போடுவதும் சிறு குற்றம் அல்ல. ஊரைக் கொல்லும் குற்றம். மற்றொன்று, நீர் கட்டின் உள்ளே வழி காண்பது. எலிவளை, கறையான் புற்று, பட்ட மரத்தின் வேர், துருசுக் கட்டடமும் மண்ணும் பொருந்தும் இடைவெளி ஆகிய எதுவாயினும் நீருக்குப் போதும்.

நான் உத்தியோகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில், வயது முதிர்ந்த வட்டவிதானையார் ஒருவர் என்னைக் குளக்கட்டின் அடிவாரத்துக்கு அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் நீர் ஊறிக்கொண்டிருந்தது. நான் பதறினேன். அவர் சிரித்து, கையிலிருந்த கண்ணாடிப் போத்தலில் அந்நீரைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். "தம்பி, தெளிந்த தண்ணியாய் வந்தால் கட்டு வியர்க்குது எண்டு நினை. கலங்கலாய் வந்தால் கட்டு கரையுது எண்டு நினை" என்றார். பின்னர் ஒரு சிரட்டையை வைத்து, அது நிரம்ப எவ்வளவு நேரம் என்று எண்ணினார். "நாளைக்கு இதைவிடக் கெதியாய் நிரம்பினால் எனக்கு வந்து சொல்லு." பல்கலைக்கழகத்தில் நான் கற்ற மண்ணியற் கணக்கெல்லாம் அந்தப் போத்தலுக்கும் சிரட்டைக்கும் விளக்கவுரை என்று அன்று உணர்ந்தேன்.

கலங்கல் நீர் வரக் கண்டால் என்ன செய்வது? பலர் உடனே களிமண்ணைத் திணித்து அடைக்கப் பார்ப்பர். அது தவறு. அடைத்த நீர் வேறிடத்தில் இன்னும் கோபத்தோடு வெளிவரும். ஊற்றைச் சுற்றி மண்மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே நீர் சற்று உயர்ந்து நிற்கவிடவேண்டும். உயர்ந்த நீர் எதிர்த்து அழுத்தும். ஓட்டத்தின் வேகம் குறையும். அடியிலே மணலும் அதன்மேற் சிறு கல்லும் பரப்பினால் நீர் வெளியேறும், மண் வெளியேறாது. இதற்கு வேண்டியவை மண்மூட்டையும் மணலும் கல்லும். அவை நவம்பர் மழைக்கு முன்னரே கட்டின் அருகில் இருக்கவேண்டும். உடைப்பு நேரத்தில் கேள்விப்பத்திரம் கோர முடியாது!

கட்டுக்கரைக் குளத்தின் கீழே நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்கள் சங்கிலிபோல் இருக்கின்றன. மேலுள்ளது உடைந்தால் அதன் வெள்ளம் கீழுள்ளதை உடைக்கும். ஆகவே ஒரு குளத்துக்காரர் தம் கட்டைமட்டும் பார்த்து நிம்மதியடைய இயலாது. அயலூர்க் குளத்தின் கட்டும் நம் கட்டே.

காற்றாடியும் குரங்கும்

தீவின் தென்கரையிலே 30 காற்றாலைகள் நிற்கின்றன. மின்சார சபை அமைத்த தம்பபவனி நிலையம் அது; 2020 டிசம்பரில் தொடக்கி வைக்கப்பட்டது; ஏறத்தாழ 100 மெகாவாட் வலுவுடையது. அம்மின்சாரம் நடுக்குடாவிலிருந்து உயரழுத்தக் கம்பி வழியே நாட்டின் பெருவலையைச் சேர்கிறது. ஆனால் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். இவ்வகை நிலையம் பெருவலையைப் பற்றிக்கொண்டே இயங்குவது. வலை விழுந்தால் காற்று எவ்வளவு வீசினாலும் அதுவும் நிறுத்தப்படும். கண்ணெதிரே காற்றாலை நிற்க, வீட்டிலே குப்பி விளக்கு எரியும்!

வலை விழாது என்பீர்களா? 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு சம்பந்தப்பட்டதால் இலங்கை முழுவதும் இருண்டது என்று அரசாங்கமே அறிவித்தது. நாடெங்கும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குரங்கு செய்தது குரங்கின் வேலை. ஓரிடத்துப் பழுது ஓரிடத்திலே நிற்காமல் தீவு முழுவதையும் வீழ்த்தும்படி வலை இருந்ததே, அதுதான் குற்றம். குரங்குக்குச் செய்ய முடிந்ததைத் தீயவன் ஒருவனுக்கும் செய்ய முடியும். ஆதலின் வைத்தியசாலையும் நீரிறைக்கும் நிலையமும் தமக்கென மின்பிறப்பாக்கியும் சில நாட்களுக்கான எண்ணெயும் வைத்திருக்கவேண்டும். மாதந்தோறும் முழுச் சுமையையும் ஏற்றி ஓட்டிப் பார்க்கவேண்டும். ஓட்டிப் பார்க்காத இயந்திரம் காட்சிப் பொருள்.

மேலும் காற்றாலைகள் அமைப்பதுபற்றி 2025இல் மன்னார் மக்கள் வீதியிலே இறங்கிப் போராடியதை அறிவீர்கள். காற்றாலைக்குப் போட்ட வீதிகளும் மேடைகளும் மழைநீர் வடியும் வழியை மறித்தன என்பது அவர்கள் கூறிய குறைகளுள் ஒன்று. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மட்டமான மணற்றீவிலே ஒரு முழ உயரத்துக்கு வீதி போட்டாலும் அதுவே அணையாகும். எங்கே மதகு வைப்பது என்பதை அளந்து காட்டிய வரைபடத்தை ஊரவர் முன் விரித்து வைத்துவிட்டே வேலை தொடங்கவேண்டும். மக்களை அயலவராக எண்ணிக் கட்டும் எதற்கும் வேலியே காவல். மக்கள் தம்முடையது என்று எண்ணுவதற்கு மக்களே காவல்.

விளங்காத எச்சரிக்கை

இறுதியாக மனத்தை வருத்தும் ஒன்றைச் சொல்லவேண்டும். அருவியாறு என்று நாமும் மல்வத்து ஓயா என்று சிங்கள மக்களும் அழைப்பது ஒரே ஆறு. அது அநுராதபுரத்தைக் கடந்துதான் நம்மிடம் வருகிறது. அங்கே பெய்த பெருமழை நம் வயலை அடைய நேரம் செல்லும். அந்த நேரம் இயற்கை நமக்குத் தந்த கொடை. ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்துவிட, முதியோரை மேட்டுக்குக் கொண்டுசெல்ல, நெல்மூட்டையை ஏற்ற அது போதும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை அழித்தபோது அந்த ஆறும் பெருகிற்று. அப்போது தமிழிலே எச்சரிக்கைகள் உரிய காலத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. சட்டப் புத்தகத்திலே மொழி இருந்து, வெள்ளம் வரும் இரவில் இல்லையென்றால் அச்சட்டத்தால் யாது பயன்? விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை எச்சரிக்கையன்று; வெறும் ஓசை. இது மொழிப்பற்றுப் பேச்சு மட்டுமன்று, பொறியியற் பேச்சு. மழைமானியும் ஆற்றுமட்டக் கருவியும் பிழையின்றி இயங்கி, கடைசி முழத்திலே செய்தி அறுந்தால், பொறி முழுவதும் பழுதே.

நாம் கேட்கவேண்டியவை

ஆகவே நாம் கேட்கவேண்டியவை ஐந்து. ஒன்று: தாம்போதி, பாலங்கள், குளக்கட்டுகள் ஆகியவற்றின் சோதனை அறிக்கை ஆண்டுதோறும் தமிழில் வெளியிடப்பட்டுக் கச்சேரியிலும் பிரதேச சபைகளிலும் வைக்கப்படவேண்டும். இரண்டு: மழை மாதங்களில் கமக்கார அமைப்புகளுக்குக் கூலி கொடுத்துக் கட்டுக் காவல் ஏற்படுத்தவேண்டும், மண்மூட்டையும் மணலும் கல்லும் முன்கூட்டியே சேமிக்கவேண்டும். மூன்று: வைத்தியசாலைக்கும் குடிநீருக்கும் தனி மின்வலு வேண்டும். நான்கு: அநுராதபுரத்து ஆற்றுமட்டம் மணிக்கு மணி நானாட்டானுக்குத் தமிழில் வரவேண்டும். ஐந்து: தீவில் எழும் எந்தப் புதிய கட்டுமானத்துக்கும் முன்னர் நீர்வடிகால் வரைபடம் மக்கள் பார்வைக்கு வரவேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய கோட்டை வேண்டியதில்லை. இவற்றை அரசாங்கத்திடம் கேட்பது நம் உரிமை. ஆனால் வான் வழியை அடைக்காதிருப்பதும், கட்டிலே மாட்டை ஏற்றாதிருப்பதும், கசிவைக் கண்டும் "நமக்கென்ன" என்று போகாதிருப்பதும் நம் கடமை. அரசாங்கம் தன் பங்கைச் செய்யும்வரை நம் பங்கைத் தள்ளிப்போட்டால் வெள்ளம் இருவரையும் கேட்டுக்கொண்டு வராது.

இக்கூட்டம் முடிந்து வீடு திரும்பும் கமக்காரர்களை ஒன்று கேட்கிறேன். இவ்வாரம் ஒரு மாலைப்பொழுதில் உங்கள் குளக்கட்டின் அடிவாரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பாருங்கள். மகனையும் மகளையும் அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு போத்தலும் ஒரு சிரட்டையும் இருக்கட்டும்.